விரலில் சுற்றிய துணி

நான் நர்ஸாக இருந்த வார்டுக்கு வந்த பாம்பன் பக்கத்து அப்பத்தா அவர். மறதி நோய் முற்றிய நிலையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். முதுகுத்தண்டில் ஊசி போட்டுச் செய்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரவு 11 மணிக்கு மேல்தான் குழப்பம் ஆரம்பித்தது. டிரிப் ஊசியைப் பிடுங்கினார், யூரின் டியூபை இழுத்தார். "தண்ணி ஏறுது, கெளம்புங்கடி" என்று ஒரே கத்தல். தனுஷ்கோடியை அழித்த 1964 புயலை நினைக்கிறார் போல என்று வார்டில் பேசிக்கொண்டோம். இரண்டாவது முறையும் ஊசியைப் பிடுங்கியதும் கட்டில் கம்பியோடு கைகளைக் கட்டிவிட்டேன். அங்கே அதுதான் வழக்கம். ஆனால் கட்டியது நான். மணிக்கட்டு சிவந்ததே தவிர, கத்தல் ஓயவில்லை.

விடியற்காலையில் வந்த மகள்தான் சொன்னார்: "சிஸ்டர், அம்மா பாசிக்குப் போனவுக. வெரல்ல துணி சுத்தாம தண்ணியில எறங்க மாட்டாக."

தீவுப் பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் பெண்கள் விரல் கிழியாமலிருக்கத் துணி சுற்றிக்கொள்வார்கள். கட்டை அவிழ்த்தேன். மகள் பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு விரலாகச் சுற்றினார். அப்பத்தா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடிச்சைப் பல்லால் இறுக்கப் போனார். பல் இல்லை! ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன் கழற்றிய பல்செட்டும் கண்ணாடியும் அலமாரியிலேயே கிடந்தன. கண்ணாடியை மாட்டிய பிறகுதான் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

வலியையும் அன்றுதான் சரியாகக் கவனித்தேன். "வலிக்குதா அப்பத்தா?" என்றால் "இல்ல" என்பார். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் புருவம் நெரியும், மூச்சு வாங்கும், முழங்கால் மடங்கும். பேச முடியாதவர்களின் வலியை அளக்க 'பெய்னாட்' என்று ஒரு முறை உண்டு. மூச்சு, முனகல், முகம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என 5 விஷயங்களைப் பார்த்து 10க்கு மதிப்பெண் போடுவோம். வலி மாத்திரையைத் 'தேவைப்பட்டால்' என்று எழுதியிருந்தார்கள். கேட்கத் தெரியாதவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? டாக்டரிடம் பேசி, மணி தவறாமல் கொடுக்கும்படி மாற்றி எழுத வைத்தேன்.

குழப்பம் ஒரே நாளில் தீரவில்லை. மாலையானால் திரும்ப வரும். மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, தூக்கமின்மை என ஒவ்வொன்றாகத் தேடித் தேடிச் சரிசெய்தோம். இப்போதெல்லாம் அட்மிஷன் அன்றே வீட்டாரிடம் கேட்டுவிடுகிறேன்: என்ன வேலை பார்த்தார், எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார்?

பிசியோதெரபிஸ்ட் முதன்முதலாக நிற்க வைத்தபோது அப்பத்தா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வத்திருச்சா?"

"வத்திருச்சும்மா. கால வையி" என்றார் மகள்.

வைத்தார்.