மெய்ஞ்ஞானபுரத்தில் கிறிஸ்துமஸ் அதிகாலை

திருச்செந்தூரில் ரயிலை விட்டு இறங்கி, பரமன்குறிச்சி வழியாகச் சாத்தான்குளம் போகும் பஸ்ஸில் ஏறினால், ஊர் வருவதற்கு வெகு முன்பே மெய்ஞ்ஞானபுரம் கோபுரம் கண்ணில் பட்டுவிடும். பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரம். உயரம் 192 அடி. சுற்றிலும் செம்மணல் தேரியும் பனங்காடும் வாழைத் தோட்டமும்தான். அதை மறைக்க அங்கே எதுவும் இல்லை. அரைப் பரீட்சை விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்கு வரும்போதெல்லாம், அதை முதலில் யார் பார்ப்பது என்று ஜன்னலோரத்தில் பிள்ளைகளுக்குள் போட்டி நடக்கும். கோபுரம் தெரிந்ததும் அம்மா கண்களை மூடிச் சிறிது நேரம் ஜெபிப்பார்.

பல வருடங்கள் சென்னையிலேயே பண்டிகையைக் கழித்துவிட்டு, சென்ற டிசம்பரில் என் மகளை அழைத்துக்கொண்டு அதே வழியில் போனேன். திருப்பயணமாகவே புறப்பட்டேன். எங்கள் குடும்பம் கர்த்தரை அறிந்துகொண்ட இடம் அது. கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று நான் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

அந்த ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜாண் தாமஸ் ஐயரில் இருந்துதான் தொடங்குவார்கள். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். வேல்ஸ் நாட்டிலிருந்து சர்ச் மிஷனரி சங்கத்தின் வழியாக வந்தவர். வெயிலில் கால் வைக்க முடியாத இந்த மணல்காட்டில் கிணறு வெட்டினார், மரம் வளர்த்தார், பள்ளி நடத்தினார். இப்போதுள்ள ஆலயம் 1847இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1870இல் அவர் இங்கேயே இறந்து இந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆச்சி அவரைத் தம் வீட்டுப் பெரியவரைச் சொல்வது போலத்தான் சொல்வார். தம் பாட்டி காலத்துச் செய்திகளையெல்லாம் நேற்று நடந்தது போல அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆச்சியின் ஊர் மெய்ஞ்ஞானபுரம் சேகரத்தை, அதாவது ஒரே போதகரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதியைச் சேர்ந்த ஒரு சின்னக் கிராமம். அவருடைய அடுப்படி மூலையில் ஒரு மண்கலயம் இருக்கும். பிடியரிசிக் கலயம். தென் மாவட்டச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துக் கலயத்தில் போட வேண்டும். கலயம் நிறைந்ததும் அது கோவிலுக்குப் போகும். இதில் ஆச்சி கண்டிப்பாக இருந்த ஒரு விஷயம் உண்டு. மூட்டையிலிருந்து பிடி எடுக்கக் கூடாது. அன்றைய சோற்றுக்கென்று உழக்கால் அளந்து முறத்தில் கொட்டிய அரிசியிலிருந்துதான் எடுக்க வேண்டும். மூட்டையிலிருந்து எடுத்தால் யாருக்கும் குறையாது. முறத்திலிருந்து எடுத்தால் நம் வயிற்றுக்கு ஒரு பிடி குறையும். அந்தக் குறைகிற பிடிதான் காணிக்கை என்பார்.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் முழுவதும் இந்தக் கணக்கில்தான் நடந்தது என்பது, திரும்பிப் பார்க்கும்போது நன்றாகத் தெரிகிறது.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே பலகாரம் தொடங்கிவிடும். அச்சு முறுக்கு, சுற்று முறுக்கு, அதிரசம் எல்லாம் உண்டு. ஆனாலும் முந்திரிக்கொத்துதான் முக்கியம். பாசிப்பயற்றை வாசனை வரும்வரை வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், சுக்கு, ஏலம் சேர்த்து வைப்பார்கள். உடன்குடிக் கருப்பட்டியைப் பாகு காய்ச்சி, மணல் போக வடிகட்டி, சூட்டோடு மாவில் ஊற்றிக் கிளறுவார்கள். ஆறவிட்டால் உருண்டை பிடிக்க வராது. சித்திமார் உள்ளங்கை சிவக்கச் சிவக்க உருட்டிப் போட, ஆச்சி மும்மூன்று உருண்டைகளைச் சேர்த்துப் பிடித்து, மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் விடுவார். மூன்றும் பிரியாமல் ஒட்டி, பொன் நிறத்தில் மேலே மிதந்து வர வேண்டும்.

முதல் ஈடு வெந்து வந்ததும் எங்களுக்குக் கிடைக்காது. புதிய ஓலைப்பெட்டியில் அது தனியாகப் போகும். ஒரு பங்கு ஆலயப் பணிகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளை வீட்டுக்கு, ஒரு பங்கு தெருவில் தனியாக இருந்த ஒரு முதியவருக்கு, ஒரு பங்கு பக்கத்து வீட்டுக்கு. பக்கத்து வீட்டார் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். மார்கழி மாதம் ஆகையால் அவர்கள் வாசலில் பெரிய கோலமும் சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூவும் இருக்கும். அந்த வீட்டு அம்மாளும் ஆச்சியும் ஒருவரையொருவர் மதினி என்றே அழைத்துக்கொள்வார்கள். அங்கிருந்து தீபாவளிக்கு அதிரசமும் தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கும் எங்கள் வீட்டுக்கு வரும். பெட்டி கொடுத்துவிட்டு நாங்கள் ஓடி வந்த பிறகுதான் எங்கள் கையில் முந்திரிக்கொத்து விழும். காத்திருந்து தின்ற அந்தச் சுவையை வேறு எந்தப் பலகாரத்திலும் நான் கண்டதில்லை. இப்போது எல்லாக் கடைகளிலும் முந்திரிக்கொத்து கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் முதல் ஈட்டை எடுத்து வைக்கும் பழக்கத்தைக் கடையில் வாங்க முடியாதே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

நட்சத்திரம் கட்டுவது மாமாவின் வேலை. மூங்கில் பிளாச்சுகளை நூலால் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, முற்றத்து வேப்பமரத்தில் ஏற்றிவிடுவார். வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு கீதபவனி வரும் இரவில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் தெருமுனையில் தெரிந்ததுமே பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்துவிடுவார்கள். பாடி முடித்தவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி தயாராக இருக்கும். பையன்களுக்கெல்லாம் ஒரே துணியில் சட்டை, பெண்பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே துணியில் பாவாடை. இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாக நினைவில்லை.

பண்டிகை நாளில் அதிகாலை ஆராதனை மெய்ஞ்ஞானபுரம் பெரிய கோவிலில்தான் என்பது ஆச்சியின் தீர்மானம். முதல் மணி அடிக்கும்போது நாங்கள் பாதி வழியில் இருக்க வேண்டும். பனிபட்டு இறுகிய செம்மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்னால் தாத்தா டார்ச் அடிக்க, பின்னால் பெண்கள் கீர்த்தனை பாட, நடந்தே போவோம். ஒத்தையடிப்பாதையில் வேறு ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்துகொள்வார்கள். ஸ்தோத்திரம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் குரல்தான் கேட்கும், முகம் தெரியாது.

இம்முறை பாதை தார்ச்சாலையாகியிருந்தது. ஆட்டோ கிடைக்கும் என்றார்கள். நடந்தே போகலாம் என்று மகள்தான் சொன்னாள். ஆலய வாசலில் செருப்பை விட்டு உள்ளே நுழைந்தபோது, கூர்மையாக வளைந்து எழும் அந்த வளைவுகளையும் உயர்ந்த கூரையையும் அவள் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் அழைத்துப் போனேன். பாமாலைப் பாட்டு தொடங்கியது. அத்தனை பெரிய கட்டடத்தில் அத்தனை பேர் ஒரே மூச்சில் பாடும்போது தரையில் ஊன்றிய பாதத்தில் அதிர்வு தெரியும். மேய்ப்பர்களுக்குத் தூதன் செய்தி சொன்ன பகுதியை ஒரு சிறுமி வாசித்தாள். ராத்திரியில் மந்தையைக் காத்தவர்கள், கூலிக்காரர்கள். இருட்டில் பனையேறப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த சபையில் அந்த வசனம் எப்படி விழும் என்பதை அங்கே உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். நற்கருணைக்காக முழங்காற்படியிட்டபோது ஆச்சி, தாத்தா, அம்மா எல்லாரும் முழந்தாளிட்ட அதே இடம் என்ற நினைவு வந்தது. அதற்கு மேல் என்னால் ஜெபிக்க முடியவில்லை; ஸ்தோத்திரம் என்ற ஒரு வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஆச்சியின் கிராமத்துச் சின்னக் கோவிலுக்குப் போனோம். ஆராதனை முடிந்ததும் வாசலில் காணிக்கைப் பொருள்களின் ஏலம். வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, ஒரு சேவல், சில்லுக்கருப்பட்டி. எங்கள் பக்கத்து ஏலத்தில் ஓர் அழகு உண்டு. ஏலம் எடுத்தவர் பணத்தையும் கொடுத்து, பொருளையும் திரும்பக் காணிக்கையாக வைத்துவிடுவார். மறுபடியும் ஏலம் நடக்கும். அந்த வாழைத்தார் அன்று பல கைகள் மாறியது. கருப்பட்டியை என் மகள் ஏலம் கேட்டாள். தன் சேமிப்புப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, திருப்பி வைத்துவிடட்டுமா என்று என்னைப் பார்த்தாள். உன் இஷ்டம் என்றேன். அவள் கருப்பட்டியைக் கோவில்பிள்ளையிடமே திரும்ப நீட்டினாள். ஏலம் விட்டவர் முதலிலிருந்து விலை கூவத் தொடங்கினார்.