கடல் அல்லிப் புதைபடிவமும் வினிகரும்

கடல் அல்லி (தண்டோடு பூ மாதிரி இருக்கும் கடல் விலங்கு), கடல் முள்ளெலி (உடல் முழுக்க முள் உள்ள கடல் விலங்கு) மாதிரியான முட்தோலிப் (எக்கினோடெர்ம்) புதைபடிவங்களைச் சுத்தம் செய்ய வினிகர் வேண்டவே வேண்டாம். இவற்றின் உடற்கூட்டில் உள்ள ஒவ்வொரு தகடும் ஒரே கால்சைட் (அமிலத்தில் கரையும் சுண்ணாம்புக் கனிமம்) படிகம். அமிலம் பட்டால் மேற்பரப்பின் நுண்குறிகள் முதலில் போய்விடும். தண்ணீர், மென்மையான பல்துலக்கி, மூங்கில் குச்சி, நிறையப் பொறுமை. அவ்வளவுதான்.

இந்த விலங்குகள் செத்த சில நாட்களிலேயே திசு அழுகி, தகடுகள் உதிரத் தொடங்கிவிடும். அதனால் கடல் அல்லியின் தண்டும் கைகளும் கோத்தபடியே கிடைத்தால், சேறு சட்டென்று மூடியிருக்கிறது என்று அர்த்தம். தண்டின் உதிரி வளையங்கள் மட்டும் குவிந்து கிடந்தால் நீரோட்டம் அடித்துவந்ததாகவும் இருக்கலாம். அந்த உயிர் அங்கேயே வாழ்ந்ததென்று அடித்துச் சொல்லாதீர்கள்.

கடல் முள்ளெலி என்றால், அது எப்படி வாழ்ந்தது என்று அறிய முதலில் ஆசனவாயைத் தேடுங்கள் (சிரிக்க வேண்டாம்!). உச்சியில் இருந்தால் கடல்தரைமேல் ஊர்ந்த வகை. பின்பக்கம் நகர்ந்திருந்தால் பெரும்பாலும் மணலுக்குள் புதைந்து வாழ்ந்தது.