சுவரில் மாட்டிய கப்பல்கள்

பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் காதல் கடிதத்தோடு இருக்கும் பெண்ணுக்குப் பின்னால் சில வேளைகளில் ஏன் ஒரு கப்பல் படம் மாட்டப்பட்டிருக்கிறது என்பதை அறிய, அக்காலத்து வாசகர்கள் விரும்பிப் படித்த குறியீட்டுப் பட நூல்களைப் புரட்ட வேண்டும். மேலே ஒரு முதுமொழி, நடுவே செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம், கீழே விளக்கம் என்பதே அவற்றின் பொதுவான அமைப்பு.

கப்பலுக்கு இம்மரபில் ஒரே பொருள் இருந்ததில்லை. இம்மரபின் முன்னோடியான இத்தாலியர் அல்சியாட்டோவின் நூலில் புயலில் தத்தளிக்கும் கப்பல் நாட்டைக் குறித்தது. ஆன்ட்வெர்ப்பில் 1608இல் ஓட்டோ வேனியஸ் வெளியிட்ட காதல் நூலில், அம்பறாத்தூணியையே மரக்கலமாகவும் வில்லையே துடுப்பாகவும் கொண்டு காதல் தெய்வமான சிறுவன் க்யூபிட் கடலைக் கடக்கிறான்; காதலால் போக முடியாத வழி இல்லை என்கிறது தலைப்பு. ஆம்ஸ்டர்டாமில் 1640இல் வந்த தம் நூலில் யான் க்ருல், ஒரு நாள் நல்ல வானிலையும் மறுநாள் புயலும் காணும் மாலுமியைப் போலவே காதலனும் நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும் இடையே அலைகிறான் என்று வெளிப்படையாகவே எழுதினார்.

இது வெறும் கவிதை வழக்கு அன்று. 1593 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் டெக்சல் தீவருகே வீசிய புயலில் சுமார் 40 கப்பல்கள் அழிந்தன. அதில் இழப்புக்குள்ளான ஆம்ஸ்டர்டாம் வணிகர் ரூமர் ஃபிஸ்ஸர், மூன்று மாதங்களுக்குப் பின் பிறந்த மகளுக்கு, அந்த டெக்சல் சேதத்தையே பெயராக்கி, மரியா டெசல்ஸ்காதே என்று பெயரிட்டார். 1614இல் புகழ்பெற்ற குறியீட்டு நூலொன்றை வெளியிட்டவரும் இந்த ரூமர் ஃபிஸ்ஸரே. அவருடைய மகளின் பெயரை அறிந்தபின் இந்நூல்களின் புயற்காட்சிகளை வெறும் அலங்காரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

டப்ளினில் உள்ள கப்ரியேல் மெட்சுவின் ஓவியத்தில், தலைவி கடிதத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் படிக்க, பணிப்பெண் சுவரிலுள்ள படத்தின் பச்சைத் திரையை விலக்குகிறாள். உள்ளே கொந்தளிக்கும் கடலில் கப்பல்கள். ஃபெர்மீரின் ‘காதல் கடிதம்’ ஓவியத்திலோ பின்சுவரில் தெரியும் கடல் அமைதியாக இருக்கிறது, பணிப்பெண்ணும் புன்னகைக்கிறாள். க்ருல் சொன்ன இரண்டு வானிலைகளும் இங்கே அடுத்தடுத்து வந்துவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதற்காக டச்சுக் கடலோவியம் ஒவ்வொன்றிலும் காதலைத் தேடுவது தவறு. கடிதமும் அதைப் படிப்பவளும் அருகில் இருப்பதால்தான் இங்கே கப்பல் அப்பொருளைப் பெறுகிறது.