பெட்டிக்குள் இருக்கும் வரிசையைக் கலைக்காதீர்கள்: ஆவண மின்னாக்கத் தேர்வு அனுபவம்

ஆவண மின்னாக்கத் தேர்வு, அதாவது பழைய தாள்களை ஸ்கேன் செய்து விவரம் எழுதிக் காக்கும் வேலைக்கான தேர்வு எழுதியிருந்தேன். முந்தாநாள் முடிவு வந்தது. தேறிவிட்டேன். செய்முறைத் தாளில் 100-க்கு 74. போன தடவை இதே தாளில் 31 வாங்கியிருந்தேன். எழுத்துத் தாள் இரண்டு முறையும் சிக்கலில்லாமல் போனது. செய்முறைதான் எனக்குக் கண்டம். அதில் ஒரு பழைய தாள் பெட்டியைக் கொடுப்பார்கள்; பட்டியல் போட்டு, ஸ்கேன் செய்து, விவரம் எழுதி, தேர்வாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று முழுக்கத் தூங்கினேன். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன தடவை நான் செய்த அதே தவறை இந்தத் தடவை பக்கத்து மேசைக்காரர் செய்ததைப் பார்த்தேன். தேர்வறையில் பேசக் கூடாது என்பதால் சொல்ல முடியவில்லை. அது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

போன தடவை எனக்கு வந்த பெட்டியில் ஒரு சிறிய அச்சகத்தின் தாள்கள் இருந்தன. பில்கள், கடிதங்கள், மெய்ப்புத் தாள்கள், நாலைந்து புகைப்படங்கள். மூடியைத் திறந்ததும் எல்லாம் தாறுமாறாகக் கிடப்பதுபோல் தெரிந்தது. மேலே ஒரு கடிதம், அதன் கீழே பாதி மடித்த மெய்ப்பு, அப்புறம் ஒரு பில், மறுபடியும் ஒரு கடிதம். எனக்கு எதையும் சீராக அடுக்கிவைத்தால்தான் நிம்மதி. பில்களை ஒரு கட்டாகவும் கடிதங்களை ஒரு கட்டாகவும் பிரித்து, உள்ளே தேதி வாரியாக அடுக்கினேன். அரைமணி நேரம் அதற்கே போனது. பிறகு ஸ்கேன் செய்தேன். படங்கள் பளிச்சென்று வந்தன. ஃபைல் பெயர்களில் ஒரு பிழை இல்லை. 80-க்கு மேல் வரும் என்று நம்பிக்கொண்டு எழுந்தேன்.

தேர்வாளர் ஒரு பில்லை எடுத்துக் காட்டி, "இதற்கு ஏன் காலம் குறிக்கவில்லை?" என்று கேட்டார். அதில் தேதியே இல்லை என்றேன். "நீங்கள் பிரிப்பதற்கு முன்னால் இது எந்தக் கடிதத்துக்குக் கீழே இருந்தது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஒரு வேலை கேட்டு வந்த கடிதம், அந்த வேலையின் மெய்ப்பு, அதற்கான பில் என்று மூன்று மூன்றாக அந்த அச்சகக்காரர் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். அவருடைய கோப்பு முறையே அதுதான். பில்லில் தேதி இல்லாவிட்டாலும் கடிதத்தில் இருந்தது. யாருக்காக, என்ன அச்சடித்தார் என்பதும் கடிதத்தில்தான் இருந்தது. எத்தனையோ வருடம் கலையாமல் இருந்த சாட்சியத்தை நான் அரைமணி நேரத்தில் அழித்துவிட்டேன். உண்மையான காப்பகத்தில் இப்படி ஒருமுறை பிரித்துவிட்டால் திரும்பச் சேர்க்க வழியே கிடையாது.

எனக்குக் கோபமும் உண்டு. நான் படித்த இடத்தில் ஸ்கேனருக்கும் மென்பொருளுக்கும் பல வாரங்கள் ஒதுக்கினார்கள். மூல ஒழுங்கை, அதாவது தாள்கள் வந்த வரிசையைக் கலைக்காமல் காப்பதைப் பற்றி ஒரே ஒரு மதிய வகுப்பு, அதுவும் வரலாறாக மட்டும். 1841-ல் பிரான்சில் வந்த சுற்றறிக்கை, ஒருவரிடமிருந்து வந்த தாள்களை இன்னொருவருடையவற்றோடு கலக்கக் கூடாது என்றது. 1881-ல் பிரஷ்யக் காப்பகம், அவர் வைத்திருந்த வரிசையையும் காக்க வேண்டும் என்று விதி செய்தது. 1898-ல் முல்லர், ஃபெய்த், ஃப்ருயின் என்ற மூவர் எழுதிய டச்சுக் கையேடு இரண்டையும் விளக்கி நிலைநிறுத்தியது. இந்த மூன்று வருடங்களையும் மனப்பாடம் செய்து எழுத்துத் தாளில் மதிப்பெண் வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோது ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. அதை ஏட்டில் படித்திருந்தேனே தவிர, கையால் ஒருதடவைகூடச் செய்து பார்த்ததில்லை.

இந்தத் தடவை வந்தது ஒரு தாவரவியல் ஆசிரியையின் பெட்டி. முதல் 50 நிமிடம் ஸ்கேனர் பக்கமே போகவில்லை. அக்கம்பக்கத்தில் விளக்கு எரிந்து, ஸ்கேன் ஓடும் சத்தம் கேட்கும்போது கை பரபரக்கும். பரவாயில்லை, பொறுங்கள். நான் செய்தது இவ்வளவுதான்:

- மூடியைத் திறந்தபடியே பெட்டியை மேலிருந்து ஒரு படம்.
- மேலிருந்து கீழாக ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச்சீட்டு, அதில் பென்சிலால் வரிசை எண். மூலத்தின் மீது எதுவும் எழுதவில்லை.
- எது எதற்குள் இருந்தது, எது எதோடு சேர்த்துக் குத்தப்பட்டிருந்தது என்று ஒரு தாளில் பட்டியல்.
- உறைகளில் எழுதியிருந்ததை அப்படியே, பிழை இருந்தால் பிழையோடு, நகல்.
- அதற்குப் பிறகுதான் தொகுதி (ஒருவருடைய தாள்கள் மொத்தமும்), வரிசை (ஒன்றோடொன்று சேர்ந்த கோப்புகள்), கோப்பு, உருப்படி (தனித்தனித் தாள்) என்று மேலிருந்து கீழாக ஒரு மரப்படம்.

பெட்டியில் இருந்த நோட்டுகளில் மூன்றாவதில் 40, 41-ஆம் பக்கங்களுக்கு நடுவே ஒரு கடிதம் செருகியிருந்தது. 41-ஆம் பக்கத்தில் இருந்த இலையின் கோட்டோவியத்தைப் பற்றித்தான் அந்தக் கடிதம் பேசுகிறது. அதை உருவி எடுத்துக் கடிதக் கட்டில் வைத்திருந்தால் இரண்டுமே ஊமையாகியிருக்கும். கடிதம் இருக்கிற நிலையில் ஒரு படம், எடுத்த பிறகு அந்தப் பக்கங்களின் படம், கடிதத்துக்குத் தனி எண், இரண்டின் விவரணங்களிலும் (விவரப் பதிவுகளிலும்) ஒன்றையொன்று சுட்டும் குறிப்பு. வாய்மொழித் தேர்வில் பாதி நேரம் இதைப் பற்றியே கேட்டார்கள். அந்த 74-ல் பெரும்பகுதி இந்த ஒரு கடிதத்தால் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

விவரணம். காப்பக விவரணத்துக்கான பன்னாட்டுத் தரமான ஐசாட்-ஜி-யின் இரண்டாம் பதிப்பில் 26 கூறுகள். நேரம் போதாதபோது 26-யும் துரத்தாதீர்கள். கட்டாயமானவை ஆறு: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, விவரண நிலை. இந்த ஆறையும் எல்லா நிலைகளுக்கும் முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள். மேல்நிலையில் சொன்னதைக் கீழ்நிலையில் திரும்பச் சொல்லக் கூடாது. ஆசிரியையின் வாழ்க்கைக் குறிப்பைத் தொகுதி நிலையில் ஒருமுறை எழுதினால் போதும். போன தடவை அதை எல்லா உருப்படியிலும் ஒட்டி வைத்திருந்தேன்.

டப்ளின் கோர் என்பது மின்படிகளுக்கு விவரம் எழுதும் இன்னொரு தரம். அதன் 15 கூறுகளில் எல்லோரும் விழும் பள்ளம் காலம் என்ற கூறு. கடிதம் எழுதிய தேதியும் நீங்கள் ஸ்கேன் செய்த தேதியும் வேறு வேறு. அதேபோல, புகைப்படம் என்றால், உருவாக்கியவர் என்ற இடத்தில் அன்று அந்தப் புகைப்படத்தை எடுத்தவரின் பெயர் வர வேண்டும், ஸ்கேனரை இயக்கியவரின் பெயர் அல்ல. அவசரத்தில் இரண்டையும் குழப்பிவிடுவோம். மூலத்தைப் பற்றியதும் மின்படியை (ஸ்கேன் செய்த நகலை) பற்றியதும் கலக்காதிருக்க நான் தாளின் நடுவே ஒரு கோடு போட்டுக்கொண்டேன்: இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் மின்படி.

தேதி உறுதியில்லை என்றால் வெறுமையாக விடாதீர்கள். 1932? என்றால் சந்தேகம், 1932~ என்றால் ஏறக்குறைய. தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601-ன் இரண்டாம் பகுதியாக 2019-ல் வந்த நீட்டிப்பு முறை இது. ஏன் அந்த வருடம் என்று முடிவுசெய்தீர்கள் என்பதையும் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள். உறையின் முத்திரையா, பக்கத்தில் இருந்த கடிதமா? அந்த ஒரு வரி இருந்தால், பின்னால் வரும் ஆய்வாளர் உங்கள் முடிவைச் சரிபார்க்கலாம், தேவைப்பட்டால் மாற்றவும் செய்யலாம். இல்லாவிட்டால் ஊகம் உண்மையாகவே ஊர் சுற்றும்.

தலைப்பு. "பழைய புகைப்படம்" என்று எழுதாதீர்கள். அப்படி யாரும் தேட மாட்டார்கள். யார், என்ன, எங்கே, எப்போது என்பதில் தெரிந்ததையெல்லாம் தலைப்புக்குள் கொண்டுவாருங்கள். தலைப்பு நாமே வைத்தது என்றால் அதையும் குறிப்பில் சொல்லிவிடுங்கள். வீட்டில் யாரோ கட்டிக்காத்த பெட்டி இது. நம் ஒரு வரி சரியில்லாவிட்டால், இணையத்தில் ஏற்றிய பிறகும் அது பூட்டிய பெட்டிதான்.

ஸ்கேன் அளவு. 600 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை படப்புள்ளி என்ற கணக்கு) வைத்தால் மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ! ஏ4 பக்கம், 24 பிட் வண்ணம், சுருக்கமில்லாத டிஃப் வகைப் படக் கோப்பு என்று கணக்குப் போடுங்கள். 300-ல் ஏறக்குறைய 26 எம்பி, 400-ல் 46, 600-ல் 104. பிபிஐ இரண்டு மடங்கானால் ஃபைல் நான்கு மடங்கு. அச்சுத் தாளுக்கும் கையெழுத்துத் தாளுக்கும் 400 வைத்தேன், சிறிய புகைப்படங்களுக்கு மட்டும் 600. காரணத்தையும் எழுதி வைத்தேன். தேர்வாளர் கேட்டது எண்ணை அல்ல, காரணத்தைத்தான்.

படமெடுக்கும்போது:

- நிற அட்டையும் அளவுகோலும் சட்டகத்துக்குள் இருக்கட்டும்.
- தாளின் நான்கு ஓரமும் தெரிய வேண்டும். மூலப்படியை, அதாவது முதலில் எடுத்த மின்படியை வெட்டக் கூடாது. வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் பார்வைக்குத் தரும் ஜேபெக் படியில்தான்.
- புகைப்படத்தின் பின்புறத்தை விடாதீர்கள். ஸ்டுடியோ முத்திரையும் பெயர்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள்; இல்லாவிட்டால் பக்கம் தொலைந்ததா, வெறுமையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது.
- தாளுக்குச் சுத்தமான, உலர்ந்த கை போதும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் நைட்ரைல் கையுறை.
- தையல் இறுகிய நோட்டை அழுத்தி விரிக்காதீர்கள். புத்தகத்தைத் தாங்கும் தொட்டிலில் வைத்து, திறக்கும் அளவுக்கு மட்டும் திறங்கள்.

செக்சம் என்பது ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க, ஃபைலிலிருந்து கணக்கிடும் குறி. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படம் எடுத்த உடனே, நகலெடுப்பதற்கு முன்னால் போடுங்கள். ஷா-256 என்ற கணக்கு முறை என்றால் 64 எழுத்துகள் வரும். நகலெடுத்த பின் மறுபடி போட்டு ஒப்பிடுங்கள். நகலெடுத்த பிறகுதான் முதல் தடவை போடுகிறீர்கள் என்றால், கெட்டுப்போன படிக்குச் சான்றிதழ் கொடுத்ததாக ஆகிவிடலாம்.

உரிமை. இதில் எனக்கு மதிப்பெண் போனது, அதனால் சொல்கிறேன். பெட்டியைக் கொடுத்தவருக்கே எல்லா உரிமையும் இருக்கிறது என்று எழுதிவிட்டேன். தாள் அவருடையதாக இருக்கலாம். ஆனால் பொதுவாகக் கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவர் காலத்துக்குப் பின் வாரிசுகளுக்கு. பெற்றுக்கொண்டவருக்கு வராது. நீங்கள் ஸ்கேன் செய்ததால் உங்களுக்கும் வராது. ஐரோப்பிய மின்தொகுப்பான யூரோப்பியானாவும் அமெரிக்க டிஜிட்டல் பொது நூலகமும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட 12 உரிமைக் கூற்றுகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். பதிப்புரிமை உள்ளவை 5, இல்லாதவை 4, நிலை தெளிவில்லாதவை 3. அதோடு, கடிதத்தில் உயிரோடு இருக்கக்கூடிய ஒருவரின் நோயைப் பற்றி இருந்தால், விவரணத்தைத் திறந்துவைத்துப் படத்தை மூடிவைக்கலாம். இரண்டையும் ஒரே பூட்டில் போட வேண்டியதில்லை.

படித்த முறையைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் குழுவாகப் படிக்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்தால் எந்த மென்பொருள் நல்லது என்ற பேச்சே ஓடும். மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், தெரிந்தவர்களின் வீட்டுப் பழைய தாள் பெட்டியைக் கேட்டு வாங்கி, கலைக்காமல் பட்டியல் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மொத்தம் ஒன்பது பெட்டிகள். ஸ்கேன் செய்யவே இல்லை, பட்டியல் மட்டும். நான்காவது பெட்டிக்குப் பிறகு கை தானாகவே நிதானமாகிவிட்டது. வேகமாக வேலை செய்கிறவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும், ஆனாலும் குறைந்தது மூன்று பெட்டியாவது செய்யுங்கள்.

தேர்வு நாளுக்குக் கடைசியாக:

- மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள்.
- பேனா உள்ளே வேண்டாம். மென்மையான பென்சில் நான்கு, துண்டுச்சீட்டு ஒரு கட்டு.
- ஸ்கேனர் கண்ணாடியை ஒவ்வொரு இருபது படத்துக்கும் துடையுங்கள்.
- பென்சிலை வெளியிலேயே சீவிக்கொண்டு போங்கள். மேசையில் சீவினால் தூள் கண்ணாடியில் விழும். அதற்குப் பின் எடுத்த எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரு புள்ளி நிற்கும்.