முதல் பீரியடுக்கு முன்னால் ஒரு தட்டு

காலை ஷிப்ட் கல்லூரி மாணவர்கள் பட்டினியாக வருவதற்கு வறுமை ஒரு காரணம் என்றால், பஸ் நேரம் இன்னொரு காரணம். நடவு நாட்களில் அம்மா ஆறரைக்கெல்லாம் வயலில் இறங்கிவிடுவார். மகளுக்கு ஏழு மணி பஸ். அந்த வீட்டில் காலையில் இருப்பது பழையதுதான். உட்கார்ந்து சாப்பிட்டால் அருமையான சாப்பாடு. ஆனால் டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு நெரிசலில் வந்தால் தண்ணீர் கசிந்து நோட்டெல்லாம் நனைந்துவிடும். திரும்பி வீடு சேர மதியம் மூன்று மணி. முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை பத்தொன்பது மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கிறது.

அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு. 2022-ல் வந்த காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கானது. கல்லூரியில், விடுதியில் தங்காதவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 25 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 40 ரூபாய். பரீட்சைக் கட்டணம் கட்டும் மாதத்தில் அதுவும் கரைந்துவிடும். அதனால்தான் கல்லூரியிலேயே காலையில் சமைத்து, முதல் பீரியடுக்கு முன்னால் ஒரு தட்டு கொடுக்க வேண்டும் என்கிறோம்.

ஐப்பசி, கார்த்திகைதான் மோசமான மாதங்கள். சம்பா நடவு முடிந்திருக்கும், தை அறுப்புக்கு நாள் கிடக்கும், மழையில் வேறு வேலையும் கிடைக்காது. நேரடி விதைப்பும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு கூலி நாட்கள் இன்னும் சுருங்கிவிட்டன. ஜூலையில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்து, அந்த எண்ணிக்கைக்கே வருடம் முழுக்கச் சமைத்தால் கார்த்திகையில் அண்டா பாதியிலேயே காலியாகும்.

வெண்பொங்கலை நாங்கள் பரிந்துரைக்கிறோம். நூறு பேருக்குப் பச்சரிசி 6 கிலோ, பாசிப்பருப்பு 2 கிலோ, மிளகு 60 கிராம் போதும். வீட்டில் ஒரு பங்கு அரிசி பருப்புக்கு நாலு பங்கு தண்ணீர் வைப்போம். இங்கே பஸ் வர வர ஒன்றரை மணி நேரம் பரிமாற வேண்டும். ஐந்து பங்கு வைக்காவிட்டால் கடைசியில் வருகிறவருக்குக் கட்டிதான் கிடைக்கும். தை, மாசியில் புது அரிசி வந்தால் தண்ணீரைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழைந்து கஞ்சியாகிவிடும். எப்போதும் ஒரு குடம் வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். கொதிக்கும் சாம்பார் போதும்.

வாரம் இரண்டு நாள் பச்சைப்பயறுச் சுண்டல், தலைக்கு 40 கிராம். நம் பக்கத்தில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே வயல் ஈரத்தில் பயறு தெளிக்கிறார்கள். அது அறுவடையாகும் பங்குனி, சித்திரையில் விவசாயியிடமே மொத்தமாக வாங்கிவிடலாம். நன்றாக வெயிலில் காயவைத்து மூட்டை கட்டாவிட்டால் ஆடிக்குள் வண்டு விழும்.

சமையலைவிடக் கடினமானது கூப்பிடுவது. 'ஏழை மாணவர் பட்டியல்' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் பசித்தவர் வரவே மாட்டார். தனி நிற டோக்கனும் அப்படியே காட்டிக்கொடுக்கும். கேட்காமல், எழுதாமல், வருகிற எல்லோருக்கும் தட்டு கொடுப்பதே சரி. வசதியுள்ள பிள்ளைகளும் சாப்பிடுவார்கள், சாப்பிடட்டும். அவர்கள் நடுவில் உட்கார்ந்தால்தான் மற்றவர் கூசாமல் சாப்பிடுவார். அப்படியும் வராதவர்களை இடைவேளையில் பார்க்கலாம்: எல்லோரும் கேன்டீனுக்குப் போகும்போது குழாயடியில் இரண்டாவது முறை பாட்டில் நிரப்பிக்கொண்டு நிற்பார்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் "ஆச்சு சார்" என்றுதான் பதில் வரும். "தட்டு எடுத்து வைக்க ஒரு ஆள் வேணும், காலையில வர்றியா?" என்று கேளுங்கள், வருவார்கள்.

செமஸ்டர் தேர்வு நாட்களில் வகுப்பு இல்லையென்று அடுப்பை நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தேர்வுகளில் ஒன்று வருவது கார்த்திகை மழையில். பத்து மணித் தேர்வுக்கு எட்டரைக்கே அண்டா இறங்கியிருக்க வேண்டும்.