யன்னலைத் திறக்கவா, பூட்டவா?

கனடாவில, ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில பகல் 33 பாகை. யன்னலைத் திறந்தா புகை, பூட்டினா அவிச்சல். எங்கட அடுக்குமாடியில ஏசியும் இல்லை.

பல்கனியில காயப்போட்ட அம்மான்ர சீலை விறகடுப்புக்குப் பக்கத்தில கிடந்த மாதிரி மணக்குது. "ஆரோ குப்பை எரிக்கினம்" எண்டு ஒரே ஏச்சு. மனிற்றோபாவிலயும் வட ஒன்ராறியோவிலயும் காடு எரியுது எண்டா நம்பேல்லை. பிறகு சூரியனைக் காட்டினன். செம்பரத்தம்பூ நிறம்.

2023இல கனடாவில எரிஞ்சது ஏறத்தாழ 1.5 கோடி ஹெக்டேர். இலங்கையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல!

துணி மாஸ்க் இந்தப் புகையில இருக்கிற நுண்தூளுக்குக் காணாது, என்95 தான் வேணும். கொரோனா நேரம் வாங்கின பெட்டி அலுமாரிக்குள்ள கிடந்தது. இப்ப அம்மா அதைப் போட்டுக்கொண்டு கறிவேப்பிலைக் கண்டுக்குத் தண்ணி ஊத்துறா.