சாம்பா சர்வரில் பஃபர் அளவை முடிவு செய்த அனுபவம்

எங்கள் அலுவலகங்களின் கோப்புப் பகிர்வு சர்வர்கள் அனைத்துக்கும் பொதுவான சாம்பா (லினக்ஸ் சர்வரிலுள்ள கோப்புகளை விண்டோஸ் கணினிகளுடன் பகிரும் மென்பொருள்) அமைப்புக் கோப்பைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, பழைய கோப்பின் 'சாக்கெட் ஆப்ஷன்ஸ்' வரியில் பெறும் பஃபரும் அனுப்பும் பஃபரும் (வரும், போகும் தரவைத் தற்காலிகமாகத் தாங்கும் நினைவகப் பகுதிகள்) 65536 பைட் என்று குறிக்கப்பட்டிருந்தன. வேகத்தைக் கூட்டுவதற்கான பழைய குறிப்புகள் பலவற்றில் இந்த வரி ஏதேனும் ஓர் எண்ணுடன் இருக்கும். 8192 என்றுகூடப் பார்த்திருக்கிறேன்.

ஒரே கட்டடத்துக்குள் இதனால் பெரிய பாதிப்பு தெரிவதில்லை. ஒரு ஜிகாபிட் இணைப்பில் தரவு போய்வர 0.2 மில்லிவினாடி ஆகிறது என்றால், பதில் வரும்வரை அந்த இணைப்பை நிரப்பிவைக்க 25 கிலோபைட் பஃபர் போதும். போய்வர 40 மில்லிவினாடி ஆகும் கிளை அலுவலகத்துக்கோ அதே வேகத்தில் 5 மெகாபைட் வேண்டும். அங்கே 64 கிலோபைட்டோடு நிறுத்தினால், இணைப்பு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் வினாடிக்குச் சுமார் 1.6 மெகாபைட்டைத் தாண்டாது. கிளையிலிருந்து வந்த புகாரும் அதுதான்.

அங்கிருந்து ஒரு பெரிய கோப்பை ஏற்றச் சொல்லிவிட்டு, சர்வரில் இணைப்புகளின் நிலையைக் காட்டும் 'எஸ்எஸ்' கட்டளையை நினைவக விவரத்துடன் ஓடவிட்டேன். பெறும் பஃபர் 131072-இல் அசையாமல் நின்றது. கேட்ட அளவை லினக்ஸ் தன் உள்கணக்குக்காக இரட்டிப்பாக்கிக்கொள்வதால் வரும் எண் அது. வரியை நீக்கிவிட்டு மீண்டும் இணைத்தபோது, கோப்பு ஏற ஏற அந்த எண்ணும் வளர்ந்துகொண்டே போனது. அளவை நாமே குறித்தால், பஃபரைத் தேவைக்கேற்ப மாற்றும் லினக்ஸின் தானியங்கிச் சீரமைப்பு செயலிழந்துவிடும் என்று சாம்பாவின் கையேடே எச்சரிக்கிறது.

அப்படியானால் பெரிய எண்ணாகவே எழுதிவிடலாமே என்று சக பொறியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில், நாம் கேட்கக்கூடிய பெறும் பஃபருக்கான 'ஆர்மெம்_மேக்ஸ்' வரம்பு வழக்கமாக 212992. அதற்கு மேல் கேட்டால் பிழை எதுவும் காட்டாமல் குறைத்துவிடும். தானியங்கி முறையிலோ 'டிசிபி_ஆர்மெம்' அமைப்பின் உச்சம் வரை, அதாவது பல கணினிகளில் 6291456 பைட் வரை, தேவைப்படும் இணைப்பு மட்டுமே வளர்கிறது. ஆகவே பொதுவான அமைப்பில் எந்த எண்ணையும் எழுதாமல் விடுவதே சரி என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதே வரியில் இருந்த, சிறு தரவையும் தாமதிக்காமல் அனுப்பச் சொல்லும் 'டிசிபி_நோடிலே' ஏற்கெனவே சாம்பாவின் இயல்பமைப்பு என்பதால் முழு வரியையும் எடுத்துவிட்டோம். என்எஃப்எஸ் (பிணையம் வழிக் கோப்புப் பகிர்வுக்கான இன்னொரு முறை) மவுண்ட்களில் 32768 என்று கட்டியிருந்த வாசிப்பு, எழுத்து அளவுகளையும் நீக்கினோம். அவற்றை 1048576 பைட் வரை இரு முனைகளும் தாமே பேசி முடிவு செய்துகொள்கின்றன. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை நகலெடுப்பது மட்டும் கிளையில் இன்னும் மெதுவாகவே இருக்கிறது. ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடவே பலமுறை போய்வர வேண்டியிருப்பதால் அதற்குப் பஃபர் உதவாது. அவற்றை ஒரே ஜிப் கோப்பாக்கி அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.